சைக்கிளை விட்டு இறங்கு!



ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் அங்கே தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வருகிறவர்களால் கடை நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் பழைய சைக்கிள் ஒன்றில் வந்து இறங்கினார். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார். கையில் எண்ணெய்க் கறை. சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்காரப் போனார்.

பக்கத்து மேசையில் இருந்த நம்மவர் ஒருவர் சத்தம் போட்டார்:

"டேய், அங்க உக்காராத! பொட்டலம் கட்டி வாங்கிட்டுப் போடா!"

அந்த இளைஞருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, ஓங்கிய கை புரிந்தது. பேசாமல் போய்த் தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நம்மவர் அதோடு விடவில்லை. கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"இவனுங்க எல்லாம் அழுக்குப் பிடிச்சவனுங்க. ஒரு ரூம்புல பத்துப் பேரு படுப்பானுங்க. எவ்வளவு கம்மியா குடுத்தாலும் பல்லை இளிச்சிக்கிட்டு வேலை செய்வானுங்க. இவனுங்களாலதான் நம்ம பொழப்பு கெட்டுச்சு."

இப்படிப் பேசியவர் பிறந்தது சிம்மோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பத்து வயதிலேயே தாயோடு காண்டா வாளி தூக்கியவர். அவர் கெட்ட மனிதரும் அல்லர். அதனால்தான் அந்தப் பேச்சு என்னை அதிகமாக உறுத்தியது.

மூலையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தலையை நிமிர்த்தினார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

"ஏன் தம்பி, இதே பேச்சைத்தானே எங்க அப்பாவைப் பாத்து வெள்ளைக்காரன் பேசினான். நீ அதை எங்கேருந்து கத்துக்கிட்ட?"

கடை அமைதியாயிற்று. பாட்டி மெதுவாகச் சொன்னார்:

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலு வருசம் காசு சேத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். தோட்டத்து ரோட்டுல துரை காடி வந்தா சைக்கிளை விட்டுக் குதிச்சு இறங்கணும். தலையில கட்டின துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கணும். காடி மறையற வரைக்கும் அப்படியே நிக்கணும். கிராணி வந்தாலும் அதேதான். ஒரு நாள் நல்ல மழை. காடி வந்த சத்தம் அப்பா காதுல விழல. மறுநாள் பெரட்டுல எல்லாரும் பாக்க, அந்தச் சைக்கிள் சக்கரத்தை மிதிச்சு வளைச்சுட்டாங்களாம். மிதிச்சது யாரு? வெள்ளைக்காரன் இல்ல தம்பி. மண்டோரு. நம்மாளு!"

சைக்கிளுக்காக ஒரு போராட்டம்

பாட்டி சொன்னதை ஒரு குடும்பத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் நாட்டுச் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது.

1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். அவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர்.

தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி எங்களுக்கும் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து எங்களைப் பார்த்துப் போகத் தடை கூடாது. சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமார் முன்னாலும் மற்ற உத்தியோகஸ்தர் முன்னாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும்.

கூலி கேட்கும் பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று இன்று யாராவது கேட்கலாம். சைக்கிளை விட்டு இறங்குவதால் ஒரு காசு நட்டமில்லை. ஆனால், "நீ என்னைவிடத் தாழ்ந்தவன்" என்று தினமும் உடம்பால் ஒப்புக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது. காலையில் தலைகுனிந்து நின்றவன், சாயங்காலம் கூலி குறைவு என்று நிமிர்ந்து கேட்பானா? கேட்க மாட்டான். அது துரைக்கும் தெரியும். தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் சைக்கிளும் கூலியும் ஒரே தாளில் இடம்பெற்றன.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? முதலில் கூலியில் சில காசு ஏற்றிக் கொடுத்தார்கள். 1941 மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் சைக்கிளின் விலை அவ்வளவு!

முத்திரை குத்தியது யார்?

வெள்ளைக்காரன் நம்மை மட்டும் மட்டமாகப் பேசவில்லை. மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி ஆனால் அடங்காதவர், தமிழர் சாது, சொன்னதைக் கேட்பவர், அறிவு மட்டம் என்று ஆளுக்கொரு முத்திரை குத்தி வைத்திருந்தான். இந்த முத்திரைகள் வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது.

மலாய்க் குடியானவருக்குச் சொந்த வயல் இருந்தது, ஆறு இருந்தது, பழமரம் இருந்தது. அற்பக் கூலிக்காகத் தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்க அவருக்கு அவசியமில்லை. வரமாட்டேன் என்றார். உடனே "சோம்பேறி" என்று எழுதி வைத்தார்கள். விடியலில் எழுந்து வயலில் பாடுபட்டவன் சோம்பேறியா? தன் தோட்டத்துக்கு உழைக்காதவன் எல்லாம் துரைக்குச் சோம்பேறி, அவ்வளவுதான். சையத் ஹுசேன் அலாத்தாஸ் என்ற அறிஞர் 1977-இல் ஒரு தனி நூலே எழுதி இந்தப் பொய்யை உடைத்துக் காட்டினார்.

நமக்குக் குத்திய "சாது" முத்திரையும் அப்படித்தான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் வெல்ட் 1887-இல் லண்டனுக்கு எழுதினார்: சீனர் தொகை அதிகமாக இருப்பதால், அதற்கு ஈடுகட்ட இந்தியரைக் கொண்டுவருவது அரசியல் நோக்கில் நல்லது என்பது அவர் கருத்து. ஒருவனை வைத்து மற்றவனைத் தட்டி வைக்கும் தந்திரம்! முதலில் சஞ்சிக் கூலியாகக் கொண்டுவந்தார்கள். 1910-இல் அந்த முறைக்கு முடிவு கட்டிய பிறகு, கங்காணி மூலம் ஆள்கட்டி வந்தார்கள். அதுவும் 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரையில் நடந்தது.

சாது என்றால் குறைந்த கூலி போதும் என்று பொருள். "இவர்களுக்குத் தேவை குறைவு, அரிசியும் உப்பும் போதும்" என்று சொல்லி அதையே கூலிக்கு அளவுகோலாக்கினார்கள். 1920-களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விகிதம் இருந்தது. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40 காசும் 32 காசுமாக இறங்கியது.

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. அதே மரம், அதே உளி, அதே பால். பெண் சீவினால் மரம் குறைவாகப் பால் கொடுக்குமா? வெள்ளைக்காரன் சீனருக்கும் நமக்கும் வேற்றுமை காட்டியதைக் கண்டித்த நம் ஆண்கள், பக்கத்து நெரையில் சீவிய மனைவிக்குப் பத்துக் காசு குறைந்ததைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்களா? நம் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

நமக்குள்ளேயே ஒரு துரை

பாட்டியின் அப்பாவுடைய சக்கரத்தை மிதித்தது நம்மாள் என்பதை மறந்துவிட வேண்டாம். கிள்ளான் தொழிலாளர் கோரிக்கையிலேயே இது இருக்கிறது. நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை வெள்ளைக்காரர்களும் "கறுப்பு வெள்ளைக்காரர்களும்" நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். தோல் கறுப்பு, நினைப்பு வெள்ளை. மேலே இருப்பவனிடம் வாங்கிய உதையைக் கீழே இருப்பவனுக்குக் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டும் குணம் அது.

அந்தக் குணம் துரையோடு கப்பலில் வந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போதே சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். பல தோட்டங்களில் ஆதிதிராவிடர்களுக்குத் தனி லயம் இருந்தது. கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது, யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். துரைக்கு இது நல்ல வசதி. பிரிந்து கிடப்பவன் சேர்ந்து கேட்க மாட்டான் அல்லவா?

இதைத் தட்டிக் கேட்கும் குரலும் நம் பக்கத்திலேயே ஒலித்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்தார். நம் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அவர் வந்து போனதற்குப் பிறகு இங்கே சீர்திருத்த எண்ணம் வேகம் பிடித்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கினார். ஒரே லயத்துத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கக் கேட்ட காலம் அப்படித்தான் பிறந்தது. ஆனாலும் கல்யாணப் பேச்சு எடுத்தால், "அவங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இன்னும் முதலில் வந்து நிற்கிறதே! மறுக்க முடியுமா?

எழுதப்படாத பெயர்கள்

பாரபட்சம் வாழும்போது கூலியைக் குறைக்கும். செத்த பிறகு பெயரையும் அழித்துவிடும். சயாம் மரண ரயில்பாதை அதற்குச் சாட்சி.

1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். போர்க் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள் அங்கே துன்பப்பட்டார்கள். ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள். செய்ய வேண்டியதுதான்.

ஆனால், அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லோரியிலும் ரயிலிலும் ஏற்றிச் செல்லப்பட்ட நம் தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம் பேர். காலராவில் செத்தவர்களைக் குவியலாகப் போட்டு எரித்தார்கள். எத்தனை பேர் என்ற சரியான கணக்குக் கூட இல்லை. சிப்பாய்க்குப் பெயரும் எண்ணும் பதிவில் இருந்தன. கூலிக்குப் பெயர் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜப்பானியன் எழுதவில்லை. திரும்பி வந்த வெள்ளைக்காரனும் தேடவில்லை. "கூலிதானே" என்ற இரண்டு சொல் ஒரு தலைமுறையையே சரித்திரத்திலிருந்து துடைத்துவிட்டது.

அந்தச் சொல் இப்போது யார் வாயில்?

இனி ஜெலாப்பாங் கடைக்குத் திரும்புவோம். "அழுக்கு, ஒரே அறையில் பத்துப் பேர், குறைந்த கூலிக்குப் பல்லை இளிப்பவன்." நம்மவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒரு காலத்தில் நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டது. லயத்து ஒரே அறையில் இரண்டு குடும்பம் படுத்தது அழுக்குப் புத்தியாலா, வேறு அறை கொடுக்காததாலா? நமக்குப் பதில் தெரியும். அப்படியானால் இன்றைக்குத் தொழிலாளர் விடுதியில் நெருக்கிப் படுப்பவருக்கும் அதே பதில்தான்.

"வந்தேறிகள்" என்ற சொல்லும் நமக்குப் பழக்கமானதே. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விழுந்தபோது, பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் அமலானது. முப்பது வருடம் மரம் சீவிய கைகள் மூட்டை கட்டின. சிவப்பு அடையாளக் கார்டோடு இன்னும் காத்திருக்கும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்றைய செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசியர், நேப்பாளியர். கடனை வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்து வருகிறார்கள். நம் முன்னோரும் கங்காணியிடம் கடன்பட்டு வந்தார்கள். இவர்களில் பலருடைய கடப்பிதழை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார். 2020-இல் அமெரிக்கா, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டது ஞாபகமிருக்கும். சஞ்சி என்ற பெயர் போயிற்று. சங்கதி முழுவதும் போகவில்லை.

"அதெல்லாம் சரி, இவர்கள் வந்ததால்தானே நம் கூலி ஏறவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிறு எரிகிறவன் கேட்கும் கேள்வி. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது முதலாளி கூலியை ஏற்ற மாட்டார் என்பது உண்மைதான். ஆனால், கூலியைக் குறைத்தது யார்? குறைந்த கூலியை வாங்கியவரா, குறைத்துக் கொடுத்தவரா? 1941-இல் கிள்ளான் தொழிலாளர் சீனத் தொழிலாளியைப் பார்த்து, "நீ அதிகம் வாங்குகிறாய், உன் கூலியைக் குறை" என்று கேட்கவில்லை. "நீ வெளியே போ" என்றும் சொல்லவில்லை. "அவருக்குக் கொடுப்பதை எனக்கும் கொடு" என்று முதலாளியிடம் கேட்டார்கள். படிக்காத மக்களின் அந்தத் தெளிவு இன்று நமக்கு வேண்டும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2025-இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளி, உள்நாட்டவருக்கு மட்டுமின்றி வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். வீட்டு வேலையாட்கள்தான் அதில் சேரவில்லை. வங்காளதேசத்துத் தொழிலாளிக்கு அந்த 1,700 ஒழுங்காகக் கிடைத்தால், அவரைக் காட்டி நம் சம்பளத்தைக் குறைக்க யாராலும் முடியாது. அவருக்குக் கிடைக்காமல் போனால், நாளை நமக்கும் கிடைக்காது. அவர் நம் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகச் சேரவும் சட்டம் தடுக்கவில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவரை "டேய்" என்று கூப்பிட்டுவிட்டுச் சங்கத்துக்கு வா என்றால் வருவாரா?

என்ன செய்யலாம்?

பெரிய காரியம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. பெற்றோர்களே, வீட்டில் பேசும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள். "சீனன் ஏமாத்துவான்", "மலாய்க்காரன் சோம்பேறி", "அவன் தாழ்ந்த சாதி" என்று நாம் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொல்வதைப் பிள்ளை பாடமாக எடுத்துக்கொள்கிறது. அதே பிள்ளையைப் பள்ளியில் யாராவது "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்னால் நமக்கு வயிறு எரிகிறது. முத்திரை குத்தும் பழக்கத்தை வளர்த்துவிட்டு, நம் பிள்ளை நெற்றியில் மட்டும் அது விழக்கூடாது என்றால் எப்படி?

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், துரை எப்படி நடத்தினான், நம்மாள் எப்படி நடத்தினான் என்று கேட்டு எழுதி வையுங்கள். சயாமுக்குப் போனவர்களின் பெயரை எழுத அன்று ஆளில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும். சுற்றியிருந்த பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பெரியவர்களும் போய்விட்டால் அதையெல்லாம் கேட்க வேறு ஆள் கிடைக்காது.

அன்று கடையில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். பாட்டி கையை நீட்டி, "டூடோக், டூடோக்" என்று மலாயில் சொல்லி அந்த இளைஞரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அவர் தயங்கித் தயங்கி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பேத்தி தன் தட்டில் இருந்த வடையில் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். நம்மவர் ஒன்றும் பேசவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார், காசு கொடுத்தார், எழுந்தார். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. அவர் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்றார். சுவரோரம் நனைந்துகொண்டிருந்த அந்தப் பழைய சைக்கிளைத் தள்ளிக் கூரைக்கு அடியில் நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.